வாலிபருக்கு உடன் நின்றோர்

பம்பாய் நகரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் துறைமுகத்தைப் பற்றியும் பஞ்சாலைகளைப் பற்றியும் இருப்புப்பாதையைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கின்றனர். அவற்றை இயக்கிய மக்களுள் பெரும்பாலோர் பிற ஊர்களினின்று வந்தவர் என்பதும், வந்தவருள் மிகப் பலர் இளவயதினர் என்பதும் அவ்வரலாற்றில் ஒரு வரியாக வந்து போகின்றன. அந்த ஒரு வரிக்குள் பெரியதொரு சமுதாயச் சிக்கல் அடங்கியிருக்கிறது. கிராமத்தில் ஒரு பையன் வழி தவறினால் கண்டிப்பதற்குத் தாய்மாமன் உண்டு, பெரியப்பா உண்டு, திண்ணையில் அமர்ந்திருக்கும் எவரும் அவனை அதட்டலாம். நகரத்துக்கு வந்தபின் தந்தையும் தாயும் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகின்றனர். 13 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு உடன் நிற்பவர் யார்?

இவ்வினாவுக்குத் தமிழ்ச் சங்கங்களும் பசனை மன்றங்களும் படிப்பகங்களும் தத்தம் முறையில் விடை தேடின. கிறிஸ்தவத் திருச்சபைகள் தேடிய விடைக்கு வாலிபர் ஊழியம் என்று பெயர். அதன் வரலாற்றைச் சமயக் கோட்பாட்டை விளக்கும் நோக்கத்தோடு நாம் இங்கே ஆராயப் போவதில்லை. அவ்வூழியத்திற்குத் தலைமை தாங்கியோர் யாவர், அவர்களுக்குத் துணைவர் எங்கிருந்து கிடைத்தனர், அத்துணைவர் எவ்வாறு பயிற்சி பெற்றனர் என்பனவே இவ்வுரையின் பொருள். மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழருக்கு இவ்வரலாற்றோடு எதிர்பாராத உறவு ஒன்று உண்டு என்பதும் போகப் போகப் புலனாகும்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் முன்னோர் மனிதரின் வயதை நுட்பமாகப் பகுத்துக் கண்டவர்கள். உலா நூல்கள் பெண்ணின் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாக வகுத்தன. மேனாட்டுத் திருச்சபையோ நெடுங்காலம் குழந்தை, பெரியவர் என்னும் இரு பிரிவுகளோடு அமைதி கொண்டிருந்தது. 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் என்னும் பத்திரிகையாளர் ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். வாரநாட்களில் தொழிற்கூடங்களில் உழைத்த சிறுவர்களுக்கு ஞாயிறன்று எழுத்தும் மறைநூலும் கற்பிப்பது அதன் நோக்கம். அம்முறை விரைந்து பரவிற்று. இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876இல் தோன்றியது. ஆயினும், ஞாயிறு பள்ளியின் பலகை தனக்குச் சிறிதாகிவிட்ட வயதில் ஒரு பையன் எங்கே போவான்? பெரியோர் வழிபாட்டில் அவனுக்குக் கடைசி வரிசை. சபையின் குழுக்களில் அவனுக்கு இடமே இல்லை. இந்த இடைவெளியில்தான் பலர் நழுவிப் போயினர். வாலிபர் ஊழியம் பிறந்ததும் இந்த இடைவெளியில்தான்.

அது ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு நகரங்களில் இரண்டு வேறு வடிவங்களில் பிறந்தது. ஒன்று இலண்டன், மற்றொன்று இத்தாலியின் தூரின் நகரம்.

இலண்டனில் துணிக்கடை ஒன்றில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் பணியாற்றி வந்தார். அவர் சாமர்செட் நாட்டுப்புறத்து உழவர் குடியிற் பிறந்து, பிழைப்பின் பொருட்டு நகருக்கு வந்தவர். அக்காலத்தில் கடைச் சிப்பந்திகள் கடைக் கட்டடத்திலேயே நெருக்கமாகத் தங்கி, நீண்ட நேரம் உழைத்தனர். வேலை முடிந்தபின் அவர்களுக்கு எஞ்சியவை மதுக்கடையும் தெருவும்தாம். 1844 ஜூன் 6ஆம் நாள் வில்லியம்ஸும் அவரோடு சேர்ந்து மொத்தம் பன்னிருவரும் கூடிக் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அப்போது அவருக்கு வயது 22. ஒய்.எம்.சி.ஏ. என்று இன்று உலகெங்கும் அறியப்படுவது இச்சங்கமே.

இதன் தலைமையில் குருமார் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாலிபருக்கு வாலிபரே தலைவர். ஒருவருடைய இன்னலை மற்றவர் சொல்லாமலே அறிந்திருந்தமையால் சங்கம் விரைவில் வேரூன்றியது. ஆனால் அந்த வலிமையிலேயே ஒரு குறையும் இருந்தது. தலைவர் வேறு ஊருக்குப் போகலாம், இல்வாழ்வில் ஈடுபடலாம், அலுவற் சுமையால் வராது போகலாம். அப்போது சங்கத்தின் கதவை யார் திறப்பது? இக்குறையை நீக்கவே முழுநேர ஊதியம் பெறும் பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவரை அமர்த்தும் வழக்கம் நாளடைவில் உறுதிப்பட்டது. அந்நாளில் காரியதரிசி என்றும் இந்நாளில் செயலாளர் என்றும் தமிழில் வழங்கப்படுபவர் அவரே. அலுவலகக் கடிதங்களில் கையெழுத்திடுபவர் என்னும் பொருளை மட்டுமே அச்சொல்லுக்குக் கொண்டால் இவ்வரலாறு விளங்காது. இளைஞர்களின் பெயரையும் ஊரையும் வேலையையும் கவலையையும் அறிந்து வைத்திருப்பதே அவருடைய முதற்கடமை.

இனித் தூரின் நகரத்தைப் பார்ப்போம். அங்கே 1841இல் குருப்பட்டம் பெற்றவர் ஜான் போஸ்கோ. தொன் போஸ்கோ என்று நாம் அறிந்தவர் அவரே. அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் நிகழ்ந்ததாக அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, கோயிலுக்குள் வந்து நின்ற பையன் ஒருவனைப் பூசைக்கு உதவத் தெரியாதவன் என்பதற்காகக் கோயிற் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். அவன் பெயர் பார்த்தலமேயோ கரெல்லி, வயது 16, அஸ்தி என்னும் ஊரினின்று வந்த கொத்தன் வேலைக்காரன், தாய் தந்தையர் இல்லை, எழுத்தும் அறியான். உனக்குச் சீழ்க்கையடிக்கத் தெரியுமா என்று கேட்ட பிறகுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்ததாம். அன்று தொடங்கிய உரையாடலிலிருந்து, ஆரட்டரி என்னும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வளர்ந்தது. சிறுவர் அங்கே செபித்தனர், படித்தனர், பாடினர், ஓடி விளையாடினர்.

விளையாட்டின் இரைச்சல் அண்டை வீட்டாருக்குப் பொறுக்கவில்லை. மாவாலைப் பகுதி, வாடகை அறை, புல்வெளி என்று கூட்டம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. 1846ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் வல்தோக்கோ என்னும் புறநகரில் ஒரு தாழ்ந்த கொட்டகையில் அது நிலைகொண்டது. கூரை மிகத் தாழ்ந்திருந்தமையால் தரையைத் தோண்டி உயரம் தேட வேண்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் தொன் போஸ்கோவின் தாயார் மார்கரீத்தா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். வீடற்ற சிறுவருக்குச் சமைத்துப் போட்டு, கிழிந்த துணியைத் தைத்துக் கொடுத்து, 1856இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்வூழியத்தின் முதற் பணியாளர் பட்டியலை எழுதுவோமாயின் அவ்வம்மையாரின் பெயரை முன்வரிசையில் எழுத வேண்டும்.

சிறுவர்களோ நூற்றுக்கணக்கில் பெருகினர். கற்பிக்க ஆள் வேண்டுமே! தொன் போஸ்கோ ஓர் எளிய ஏற்பாட்டைக் கண்டார். ஆர்வமும் அறிவும் உள்ள மூத்த பையன்களைத் தேர்ந்து, அவர்களுக்கு மொழியும் கணக்கும் கட்டணமின்றித் தாமே கற்பித்தார். கைம்மாறாக அவர்கள் இரவுப் பள்ளியில் இளையவர்களுக்குக் கற்பிக்க வேண்டும். கற்பவனே கற்பிப்பவனாகவும் ஆயினான்.

இந்த ஏற்பாடு எத்துணை இன்றியமையாதது என்பதை 1848ஆம் ஆண்டு உணர்த்தியது. இத்தாலி முழுதும் அரசியற் கொந்தளிப்பு எழுந்த காலம் அது. ஆரட்டரிக்கு வெளியிலிருந்து வந்து உதவிய குருமாரும் பொதுநிலையினரும் கட்சி வேற்றுமையால் பிரிந்தனர். சிலர் சிறுவரையும் அழைத்துக்கொண்டு விலகினர். தனித்து நின்ற தொன் போஸ்கோ, துணைவரைப் புறத்தே தேடுவதினும் தம் சிறுவரிடையே உருவாக்குவதே தக்கது எனத் தெளிந்தார். 1849இல் நான்கு இளைஞரைத் தேர்ந்து படிக்க வைத்தார். அவர் எண்ணியபடி அந்நால்வருள் ஒருவரும் அவருடைய சபையின் குருவாகவில்லை. இருவர் மறைமாவட்டக் குருக்களாயினர். கார்லோ கஸ்தீனி என்பவர் இல்வாழ்க்கையில் நின்று, பிற்காலத்தில் பழைய மாணவர் இயக்கத்துக்கு முன்னோடியானார். கொத்தன் வேலைக்கு வந்தவரான ஜோசப் புசெத்தி இறுதிவரை உடனிருந்து துறவறச் சகோதரராகத் தொண்டு செய்தார். முதல் முயற்சியின் பயன் வேறு வடிவில் வந்ததற்காக அவர் முறையைக் கைவிடவில்லை. அடுத்த தலைமுறைச் சிறுவரிடம் அதே பணியைத் தொடர்ந்தார். 1859 டிசம்பர் 18ஆம் நாள் சலேசிய சபை முறைப்படி அமைந்தபோது கூடியிருந்தவர் 18 பேர். அவர்களுள் மைக்கேல் ரூவாவுக்கு வயது 22. ஜான் கலியேரோவுக்கு வயது 21. இருவரும் அவரிடம் சிறுவராய் வந்து சேர்ந்தவர்களே. கலியேரோ 1875இல் முதற் பயணக் குழுவை நடத்திக்கொண்டு அர்ஜென்டினாவுக்குச் சென்றார். 1888இல் தொன் போஸ்கோ மறைந்தபின் சபைத் தலைவரானவர் ரூவா.

1877இல் தொன் போஸ்கோ தம் கல்விமுறையைச் சிறு கட்டுரையாக எழுதினார். குற்றம் நிகழும்வரை காத்திருந்து தண்டிப்பது ஒரு முறை. உடனிருந்து குற்றம் நிகழாமற் காப்பது மற்றொரு முறை. பின்னதற்குத் தடுப்பு முறை என்று பெயரிட்டார். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றும் அதன் தூண்கள். விளையாட்டுத் திடலில் ஆசிரியர் மேற்பார்வையாளராய் ஓரத்தில் நிற்காமல், பிள்ளைகளோடு தாமும் ஓட வேண்டும் என்பது அவருடைய நடைமுறை.

இவ்விரு நீரோட்டங்களோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக் கொள்ளலாம். 1881இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பிரான்சிஸ் கிளார்க் என்னும் போதகர், கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் எனத் தமிழிற் கூறத்தக்க ஓர் அமைப்பைத் தம் சபை இளைஞருக்காகத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர் ஏதேனும் ஒரு குழுவில் பொறுப்பேற்க வேண்டும். செபக் கூட்டத்தை நடத்த ஒரு குழு, புதியவரைத் தேடி அழைத்து வர ஒரு குழு என்று பணிகள் பகுக்கப்பட்டன. கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பவன் நாளை வராமற் போகலாம். நாற்காலி போடும் பொறுப்பை ஏற்றவன் கட்டாயம் வருவான். இது மனித இயல்பை அறிந்த ஏற்பாடு.

இவ்வோட்டங்கள் இந்தியாவை எவ்வாறு அடைந்தன? பம்பாயில் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் 1875இல் அமைந்தது. இளம் பெண்களுக்கான ஒய்.டபிள்யூ.சி.ஏ. சங்கமும் இந்தியாவில் முதன்முதலாகப் பம்பாயிலேயே அதே 1875இல் தோன்றியது. சென்னையில் 1890இல் டேவிட் மக்கானகி என்னும் அமெரிக்கர் முழுநேரச் செயலாளராக வந்து சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே சென்னையில் கூடிய மாநாட்டில் தேசியக் கழகம் உருவாயிற்று. எனினும் பணமும் செயலாளரும் கடல் கடந்து வந்துகொண்டிருந்த வரையில், தலைமை நம்மவர் கைக்கு எப்போது வரும் என்ற வினா நின்றுகொண்டே இருந்தது.

அவ்வினாவுக்கு விடையாக எழுந்தவர் இருவர், இருவரும் தமிழர். வே. ச. அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். கே. டி. பால் 1876இல் சேலத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற இவர்கள் நெருங்கிய நண்பர்கள். அசரியா 1895இல், ஏறத்தாழ 21ஆம் வயதில், ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகச் சேர்ந்து 1909வரை தென்னாடு முழுதும் சுற்றி இளைஞரிடையே பணியாற்றினார். 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர் தம் சொந்த முயற்சியாலும் பொருளாலும் ஊழியரைப் பிற ஊருக்கு அனுப்பி வந்ததைக் கண்டார். அயல்நாட்டார் துணையின்றி அவர்கள் செய்வதை நாம் ஏன் செய்யலாகாது என்னும் எண்ணம் அவருள்ளத்தே வேரூன்றியது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கமும், 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கமும் தோன்றியதற்கு அவரே முதன்மையான காரணர்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மாநாட்டில் அசரியா ஆற்றிய உரை புகழ்பெற்றது. மேனாட்டார் ஈந்த பொருளையும் உழைப்பையும் நன்றியோடு ஏற்றுக்கொண்ட அவர், அவற்றுக்கு மேலாக அவர்களுடைய நட்பையும் வேண்டினார். தலைவர் என்பவர் மேலிருந்து கொடுப்பவர் மட்டுமல்லர், அருகிருந்து பழகுபவர் என்பதே அதன் கருத்து. வாலிபரோடு பழகிய பதினான்கு ஆண்டுகள் அவருக்கு இதைக் கற்பித்திருந்தன என்று கொள்ளுவதில் தவறில்லை. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி ஏற்றது அதுவே முதன்முறை. 1916இல் கே. டி. பால் ஒய்.எம்.சி.ஏ.யின் தேசியப் பொதுச் செயலாளர் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். நகரத்து இளைஞரோடு நின்றிருந்த சங்கத்தைக் கிராமப்புற மக்களிடமும் கொண்டு சென்றவர் அவர். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டு, அடுத்த ஆண்டில் மறைந்தார்.

பயிற்சியின் வரலாற்றில் மற்றோர் ஆண்டு 1920. ஹாரி க்ரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்பயிற்சி ஆசிரியருக்கான பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் விளங்கும் உடற்கல்விக் கல்லூரி அதன் வளர்ச்சியே. கூடைப்பந்து 1891இலும் கைப்பந்து 1895இலும் அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. கூடங்களில் தோன்றியவை என்பதை நினைத்துப் பார்த்தால், ஊழியத்தில் விளையாட்டுக்கு இருந்த இடம் விளங்கும். விளையாட்டை நடத்தவும் பயிற்சி வேண்டும் என்று உணர்ந்து அதற்கெனப் பள்ளி அமைத்தது பெரியதொரு முன்னேற்றம்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட உறவுக்கு வருவோம். 1906ஆம் ஆண்டு ஜனவரியில் இத்தாலியினின்று புறப்பட்ட ஒரு சிறு குழு பம்பாய்த் துறைமுகத்தில் வந்திறங்கியது. ஜார்ஜ் தொமாத்திஸ் என்னும் குரு அதன் தலைவர். இந்தியாவுக்கு வந்த முதற் சலேசியர் அவர்களே. ஆனால் அவர்கள் பம்பாயில் தங்கவில்லை. மயிலாப்பூர் ஆயரின் அழைப்பின்பேரில் நேரே தஞ்சாவூருக்குச் சென்று, ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றனர். இக்குழுவை அனுப்பிய சபைத் தலைவர் யார் என எண்ணுகிறீர்கள்? தூரினில் சிறுவனாக வந்து சேர்ந்து, இளமையிலேயே தன்னினும் இளையவர்க்குக் கற்பித்த அதே மைக்கேல் ரூவாதான். கொட்டகைக் கூட்டத்தில் வளர்ந்த பையன் ஒருவர் முதியவராகித் தஞ்சைச் சிறுவர்க்கு ஆசிரியரை அனுப்பினார்.

அக்காலத்தில் தமிழர் பலர் எதிர்த்திசையில் பயணம் செய்துகொண்டிருந்தனர். 1871இல் ராய்ச்சூரில் சென்னை இருப்புப்பாதையும் பம்பாய் இருப்புப்பாதையும் இணைந்தன. அதன் பிறகு தெற்கிலிருந்து வருதல் எளிதாயிற்று. திருநெல்வேலிப் பகுதியினர் தாராவியின் தோல் பதனிடும் தொழிலிலும் பிற கூலி வேலைகளிலும் அமர்ந்தனர். அவர்களுள் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் இருந்தனர். எழுத்தர்களும் தட்டெழுத்தாளர்களும் மாதுங்காவில் குடியேறினர். 1932இல் அங்கே தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. விடுதலைக்குப் பின் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் எழவே, செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின.

தஞ்சைக்குச் சென்ற சலேசியர் 1928இல் பம்பாயிலும் பணி தொடங்கினர். முதலில் தார்தேவில் பள்ளி நடத்தினர். 1942இல் அது மாதுங்காவுக்கு மாறியது. அங்கே ஔரேலியோ மஸ்கியோ என்னும் குருவின் முயற்சியால் எழுந்த சகாய மாதா திருத்தலம் 1957இல் திறக்கப்பெற்றது. மின்வண்டியில் போவோர் வருவோர் பலரும் அதன் கோபுரத்தை அறிவர். 1987இல் வடாலாவில் தெருச் சிறுவருக்கென அவர்கள் ஒரு புகலிடத்தையும் தொடங்கினர். தமிழகத்திலோ திருப்பத்தூரில் 1951இல் தூய நெஞ்சக் கல்லூரியை நிறுவினர். இவ்வாறு தூரின், தஞ்சை, மாதுங்கா ஆகிய மூன்றும் ஒரே நூலிற் கோத்த மணிகளாயின.

நேயர்களே, இவ்வரலாறு இன்றைய மும்பைத் தமிழருக்குச் சொல்லுவது யாது? இங்கே தமிழில் வழிபாடு நடத்தும் சபைகள் பல உள்ளன. முதல் தலைமுறையினருக்கு அவை ஊரையே திரும்பப் பெற்றது போன்ற ஆறுதலை அளித்தன. மூன்றாம் தலைமுறைப் பிள்ளையின் நிலை வேறு. வீட்டில் தமிழ் கேட்கிறான்; சந்தில் இந்தி பேசுகிறான்; பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் எழுதுகிறான். பிரசங்கத்தின் செந்தமிழ் அவன் செவியைக் கடந்து போகிறது. அவன் பேசும் கலப்பு மொழியோ மூத்தோர்க்கு உவர்ப்பாக இருக்கிறது. அவனை நடத்த ஊரிலிருந்து வந்த பெரியவரை மட்டும் நிறுத்தினால் அவருக்கு இவனுடைய உலகம் தெரியாது. அவனை ஒத்த இளைஞரை மட்டும் நிறுத்தினால் வேலை கிடைத்துப் புணேக்கோ துபாய்க்கோ அவர் போன அன்றே கூட்டம் கலைந்துவிடும். இலண்டன் கண்ட குறை இதுதான். தூரின் கண்ட குறையும் இதன் மறுபக்கந்தான்.

ஆகவே இருவகையினரும் வேண்டும். ஆண்டுதோறும் மாறாமல் உடனிருக்கும் மூத்தோர் சிலர். அவர் நிழலில் பொறுப்பேற்கும் இளையோர் சிலர். 14 வயதினனுக்கு வருகைப் பதிவேட்டைக் கொடுக்கலாம்; 16 வயதினளிடம் பாடற்குழுவையோ விளையாட்டையோ ஒப்படைக்கலாம்; 18 வயது நிரம்பியவரை ஒரு சிறு குழுவுக்குத் துணைத் தலைவராக்கலாம். ஒவ்வொருவரும் தமக்கு அடுத்து வருபவரைத் தாமே பழக்க வேண்டும். மகளிர் பிரிவுக்கு மகளிரே தலைமை தாங்குவது நன்று. தலைமை முழுவதும் ஒரே தோளில் ஏறினால், அத்தோள் எவ்வளவு வலியதாயினும், ஒரு நாள் சாயும்.

உடனிருத்தல் என்னும் பண்புக்கு இந்நாளில் மற்றொரு வரம்பும் சேர்ந்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்டோரைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் சட்டத்தை 2012இல் நாடாளுமன்றம் இயற்றியது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் அதுவே தண்டனைக்குரியது. நிறுவனத் தலைவருக்கு ஓராண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. சபையின் பெயர் கெடுமே என்று வாய்மூடியிருக்க எவருக்கும் உரிமையில்லை. ஆதலால் ஊழியரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய முன்வரலாற்றை விசாரித்தறிதல், ஒரே பெரியவர் ஒரே பிள்ளையோடு தனித்திராதபடி இருவரை அமர்த்துதல், சுற்றுலாவுக்குப் பெற்றோரின் எழுத்து ஒப்புதலைப் பெறுதல் ஆகியவற்றைச் சந்தேகத்தின் அடையாளமாகக் கருதலாகாது. குற்றம் நிகழுமுன் காப்பதே தடுப்பு முறை என்றால், இவை அம்முறையின் இயல்பான வளர்ச்சியே.

பொருள் வசதியைப் பற்றியும் ஒன்று கூறலாம். தாராவி போன்ற இடத்தில் தனி மண்டபத்துக்கு வழியேது என்று மனந்தளர்வோர் உண்டு. வல்தோக்கோவின் கொட்டகையில் நிமிர்ந்து நிற்கவும் இடமில்லாதிருந்தது. இலண்டன் சங்கம் ஒரு கடையின் மாடியறையில் பிறந்தது. இரண்டிலும் இல்லாமலிருந்தது இடம். இருந்தவர்கள், வாரந்தோறும் தவறாமல் வந்து நின்றவர்கள். மாலை நேரத்தில் வகுப்பறை ஒன்றைக் கேட்டுப் பெறுவது அரிதன்று. அங்கே ஒவ்வொரு வாரமும் வருவேன் என்று ஒருவர் ஒப்புக்கொள்வதுதான் அரிது.

இது கிறிஸ்தவ சபைகளுக்கு மட்டும் உரிய பாடமும் அன்று. தமிழ்ச் சங்கம் நடத்துவோரும் பசனை மன்றம் நடத்துவோரும் ஆண்டு விழாவில் இளைஞர் கூட்டம் குறைந்துவிட்டதென வருந்துகின்றனர். அவர்கள் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: சென்ற ஓராண்டில் நம் மன்றத்தில் எத்தனை இளையோரிடம் ஒரு முழுப் பொறுப்பை ஒப்படைத்து, தவறினாலும் பொறுத்துத் திருத்தி, மீண்டும் ஒப்படைத்தோம்? அந்த எண்ணிக்கை பூச்சியமாயின், விழாப் பந்தலில் அவர்களைக் காணாததில் வியப்பில்லை. எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 1849இல் தேர்ந்த நால்வரால் எண்ணிய பயன் உடனே கைகூடாதபோதும் தளராமல் மீண்டும் தேடியவரின் பணி, தஞ்சை வழியாக மாதுங்காவரை வந்து நிற்கிறது.